வேகம் சரி, எத்தனை வாட்டுக்கு?



கம்ப்யூட்டர் சிப் செய்யும் கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் போட்டியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். சிப் போட்டி என்றதும் நம் மனத்தில் முதலில் வருவது வேகம். யாருடைய ப்ராசஸர் வேகமானது, அவர்தான் ராஜா. விளம்பரங்கள் நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. நான் இன்று அந்த வேகத்தோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்து உங்கள் முன் வைக்கப் போகிறேன். வேகம் சரி, எத்தனை வாட்டுக்கு?

இந்தக் கேள்வியை மறந்த கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சறுக்கியிருக்கிறது. இன்டெல் சறுக்கியது. ஏ.எம்.டி. சறுக்கியது. மீண்டும் இன்டெல் சறுக்கியது. ஒவ்வொரு சறுக்கலும் எதிரிக்கு வழி திறந்துவிட்டது. ஏன் இப்படித் திரும்பத் திரும்ப நடக்கிறது?

அதற்கு முன்னால் கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்!

சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச். ஒவ்வொரு முறை அது நிலை மாறும்போதும் துளி மின்சாரம் செலவாகிறது, செலவானதெல்லாம் வெப்பமாக வெளியே வருகிறது. இந்தச் சுவிட்சுகள் ஒரு துடிப்புக்கு ஏற்ப நிலை மாறுகின்றன; நொடிக்கு நூறு கோடித் துடிப்பு என்றால் அது ஒரு கிகாஹெர்ட்ஸ். துடிப்பைக் கூட்டினால் மின்செலவும் அதே அளவு கூடும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. வேகமாகத் துடிக்க வைப்பதற்கு வோல்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. வோல்டேஜ் ஏறினால் மின்செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆக, துடிப்பையும் வோல்டேஜையும் பத்து சதவீதம் ஏற்றிப் பாருங்கள், மின்செலவு 33 சதவீதம் ஏறிவிடும். அவற்றையே இருபது சதவீதம் இறக்கிப் பாருங்கள், மின்செலவு ஏறத்தாழப் பாதியாகிவிடும்!

கடைசிப் பத்து சதவீத வேகத்துக்குக் கொடுக்கும் விலைதான் மிக அதிகம். இந்த ஒரு கணக்கை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் வெற்றி தோல்விகள் பலவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

ஒருகாலத்தில் இந்தக் கணக்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஏன்? 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் ஒரு விதியை வகுத்துக் கொடுத்தார்கள். டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க அதற்குத் தேவையான வோல்டேஜும் சுருங்கும். அதனால் அதே இடத்தில் இரண்டு மடங்கு டிரான்சிஸ்டரை அடைத்தாலும் வெப்பம் கூடாது என்றார்கள். சிப்பில் டிரான்சிஸ்டர் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும் என்ற மூரின் விதி எல்லோருக்கும் தெரியும், இந்த டெனார்டின் விதி பலருக்குத் தெரியாது. ஆனால் முப்பது ஆண்டுகள் சிப் தொழில் சுகமாக நடந்தது இந்த இரண்டாவது விதியின் தயவில்தான். சிறிதாக்கு, வேகம் தானாக வரும். சிறிதாக்கு, மின்செலவு தானாக அடங்கும்.

இந்தச் சுகத்தில் பிறந்ததுதான் இன்டெலின் பென்டியம் 4.

2000ஆம் ஆண்டு நவம்பரில் அது 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் கடைக்கு வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஏ.எம்.டி.யின் ஆத்லான், ஒரு கிகாஹெர்ட்ஸ் கோட்டை இன்டெலை முந்திக்கொண்டு தொட்டிருந்தது. பெரிய கம்பெனிக்கு அது தன்மானப் பிரச்சினை. பென்டியம் 4 அதிகக் கிகாஹெர்ட்ஸ் எண்ணை எட்டும் நோக்கிலேயே வடிவமைக்கப்பட்டிருந்தது. எப்படி? வேலையைப் பல சிறு படிகளாக உடைத்தார்கள். பென்டியம் 3இல் பத்தாக இருந்த படிகள் இதில் இருபதாயின. 2004இல் வந்த பிரெஸ்காட் என்ற வடிவத்தில் முப்பத்தொன்று ஆயின. படி சிறிதாக இருந்தால் துடிப்பை வேகமாக்கலாம். ஆனால் ஒரு துடிப்பில் முடிகிற வேலை குறைந்துபோகும். பெட்டியின் மேல் அச்சடிக்கும் எண் பெரிதாக இருக்கும், உள்ளே நடக்கிற வேலை அந்த அளவுக்குப் பெரிதாக இருக்காது.

மக்கள் எதைப் பார்த்து வாங்கினார்கள்? எண்ணைப் பார்த்துத்தான்! 2001இல் ஏ.எம்.டி. என்ன செய்தது தெரியுமா? 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய தன் சிப்புக்கு ஆத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயர் வைத்தது. துடிப்பைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள் என்று ஒரு கம்பெனி பெயர்ப்பலகையிலேயே வாதாட வேண்டியிருந்தது.

வேகம் சரி, எத்தனை வாட்டுக்கு? பிரெஸ்காட்டின் மின்செலவு நூறு வாட்டைத் தாண்டியது. காரணம், அப்போது டெனார்டின் விதி கைவிட்டுவிட்டது. டிரான்சிஸ்டர் அவ்வளவு மெல்லியதாகிவிட்டபடியால் அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. கசிவுக்குப் பயந்து வோல்டேஜை இறக்க முடியவில்லை. வோல்டேஜ் இறங்காமல் துடிப்பை மட்டும் ஏற்றினால் சிப் அடுப்பாகிவிடும். 2004 மே மாதத்தில் இன்டெல் பென்டியம் 4இன் அடுத்த வாரிசான டெஜாஸ் திட்டத்தைக் கைவிட்டது. அக்டோபரில் நான்கு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐயும் கைவிட்டது. அதன் தலைமை நிர்வாகி கிரெய்க் பேரட், ஒரு பெரிய தொழில்நுட்ப மாநாட்டு மேடையில், பாதி விளையாட்டாக முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். பத்து கிகாஹெர்ட்ஸைக் கனவு கண்ட கம்பெனி நான்கைத் தொட முடியாமல் நின்றது.

அந்த இடைவெளியில் ஏ.எம்.டி. புகுந்தது. 2003 ஏப்ரலில் வந்த ஆப்டெரான், சர்வர் அறைகளில் இன்டெலின் சிப்பைவிடக் குறைந்த துடிப்பில் நிறைய வேலை செய்தது. 2006இல் சர்வர் சந்தையில் ஏறத்தாழக் கால் பங்கு ஏ.எம்.டி. கையில் இருந்தது.

இங்கே நான் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல சிப் செய்துவிட்டால் சந்தை தானாக மடியில் வந்து விழாது. ஆப்டெரானை எல்லோரும் பாராட்டிய பிறகும் டெல் நிறுவனம் 2006 வரை இன்டெலைத் தவிர வேறு யாரிடமும் ப்ராசஸர் வாங்கவில்லை. கடைக்காரர்களையும் கம்ப்யூட்டர் கம்பெனிகளையும் இன்டெல் சலுகைகளால் கட்டிப்போடுகிறது என்று ஏ.எம்.டி. 2005இல் வழக்குப் போட்டது. 2009இல் அந்தச் சண்டை சமரசத்தில் முடிந்தபோது இன்டெல் ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்தது. ஆகவே பணபலம் உண்டு, பழக்கம் உண்டு, ஒப்பந்தங்கள் உண்டு. இவையெல்லாம் தோல்வியைத் தள்ளிப்போடும். தடுத்து நிறுத்துமா? நிறுத்தாது.

சரி, விழுந்த இன்டெல் எப்படி எழுந்தது? சுவையான இடம் இது. இன்டெலைக் காப்பாற்றிய யோசனை இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் இருந்த அதன் வடிவமைப்புக் குழுவிடமிருந்து வந்தது. லேப்டாப்புக்கான சிப் செய்வது அவர்கள் வேலை. பேட்டரியில் ஓடுகிற இயந்திரத்தில் வீணடிக்க மின்சாரம் ஏது? 2003 மார்ச்சில் அவர்கள் தந்த பென்டியம் எம், கிகாஹெர்ட்ஸ் எண்ணில் தாழ்ந்திருந்தும் தன்னைவிட வேகமாகத் துடித்த பென்டியம் 4உடன் சமமாக நின்றது. அந்த வழியில் வளர்ந்து 2006 ஜூலையில் வந்ததுதான் கோர் 2 டுவோ. மேசைக் கணினிக்கான அதன் அளவு 65 வாட். அதற்கு முந்தைய பென்டியம் டி 130 வாட் வரை போனது. பாதி மின்சாரம், கூடுதல் வேலை!

ஒரு சிப்புக்குள் இரண்டு கோர்கள், அதாவது இரண்டு கணிப்பு மையங்கள், ஏன் வந்தன என்பதும் இப்போது புரியும். முதலில் சொன்ன கணக்கை எடுங்கள். துடிப்பையும் வோல்டேஜையும் இருபது சதவீதம் இறக்கினால் மின்செலவு பாதி. அப்படியானால் அதே மின்சாரத்தில் இரண்டு கோர்களை ஓட்டலாம். ஒன்று எண்பது, இரண்டு சேர்ந்தால் நூற்றறுபது.

நம் ஊரில் பைக் வாங்கப் போகிறவர் என்ன கேட்கிறார்? எவ்வளவு வேகம் போகும் என்று கேட்ட மறுநிமிடமே, மைலேஜ் எவ்வளவு குடுக்கும் என்று கேட்கிறார். சிப் உலகில் அந்த மைலேஜுக்குச் சமமானது, ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்ற கணக்கு. 2005 ஜூனில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, ஐ.பி.எம்.மின் பவர்பிசி சிப்பைக் கைவிட்டு இன்டெலுக்கு மாறப் போவதாக அறிவித்தார். காரணமாக அவர் காட்டியது இந்தக் கணக்கைத்தான். அவருடைய கணக்குப்படி பவர்பிசி பாதையில் ஒரு வாட்டுக்குக் கிடைப்பது 15 பங்கு வேலை, இன்டெல் பாதையில் 70 பங்கு. ஐ.பி.எம்.மின் ஜி5 சிப்பை ஆப்பிளால் மேசைக் கணினியில் வைக்க முடிந்தது. லேப்டாப்புக்குள் கடைசிவரை நுழைக்க முடியவில்லை.

அப்படியானால் மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் போதுமா? போதாது! டிரான்ஸ்மெட்டாவைக் கேளுங்கள். 2000 ஜனவரியில் குரூசோ என்ற சிப்பை அது அறிமுகம் செய்தது. லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கே வேலை பார்த்தார். குரூசோ மிகச் சிக்கனமானது. ஆனால் இன்டெல் சிப்புக்கு எழுதிய நிரல்களை ஓடும்போதே மொழிமாற்றி ஓட்டியதால் வேகம் போதவில்லை. சில ஆண்டுகளில் டிரான்ஸ்மெட்டா சிப் விற்பதை விட்டு, தன் தொழில்நுட்ப உரிமைகளை வாடகைக்கு விடும் நிலைக்கு வந்தது. வேகம் மட்டும் இருந்தால் பிரெஸ்காட்டின் கதி. சிக்கனம் மட்டும் இருந்தால் குரூசோவின் கதி.

இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்கள் வேறோர் ஊரில் இருந்தார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற சிறிய கம்பெனி. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அங்கே ஒரு ப்ராசஸர் வடிவமைத்தார்கள். செராமிக் உறை விலை அதிகம், பிளாஸ்டிக் உறை மலிவு. பிளாஸ்டிக்கில் வைக்க வேண்டுமென்றால் வெப்பம் குறைய வேண்டும், ஒரு வாட்டுக்குள் அடங்க வேண்டும். சிக்கனம் அங்கே பிறந்தது பணமில்லாத காரணத்தால்! 1985 ஏப்ரலில் ஆர்ம் என்ற பெயரில் அந்த முதல் சிப் வந்தது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஃபர்பர் மீட்டரைச் சேர்த்துப் பார்த்தார். பூஜ்யம் காட்டியது. ஆனால் சிப் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால், பலகையில் மின்இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்ற கம்பிகள் வழியாகக் கசிந்துவந்த மின்சாரத்திலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது!

அந்தக் கசிவு மின்சாரத்தில் ஓடிய சிப்பின் பரம்பரைதான் இன்று உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் உள்ள செல்போனில் இருக்கிறது. இன்டெலுக்கு அந்தச் சந்தை கிடைத்திருக்கலாம். முதல் ஐபோனுக்குச் சிப் செய்து தரும் வாய்ப்பு தன்னிடம் வந்ததாகவும், ஆப்பிள் சொன்ன விலை கட்டுபடியாகாது என்று எண்ணி விட்டுவிட்டதாகவும் இன்டெலின் தலைமை நிர்வாகியாக இருந்த பால் ஒட்டெலினி 2013இல் ஒப்புக்கொண்டார். ஆர்ம் வகையைச் சேர்ந்த எக்ஸ்ஸ்கேல் சிப் பிரிவை இன்டெல் 2006இல் 60 கோடி டாலருக்கு மார்வெல் நிறுவனத்திடம் விற்றுவிட்டது. ஐபோன் வந்தது 2007இல். பிறகு இன்டெல், ஆட்டம் என்ற சிப்போடு உள்ளே நுழையப் பார்த்து, 2016இல் ஸ்மார்ட்போன் களத்திலிருந்தே ஒதுங்கியது.

இப்போது ஏ.எம்.டி. பக்கம் திரும்புவோம். இன்டெலின் பாடத்தை அது படித்திருக்க வேண்டாமா? படிக்கவில்லையே! 2011 அக்டோபரில் புல்டோசர் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. அதிலும் அதே ஆசை, அதிகத் துடிப்பு. 2013இல் ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்று பறைசாற்றி வந்த எஃப்எக்ஸ் 9590 சிப்பின் அளவு 220 வாட். அதே ஆண்டு இன்டெல் விற்ற கோர் ஐ7 4770கே 84 வாட். பல வேலைகளில் 84 வாட் சிப் 220 வாட் சிப்பை முந்தியது. வேகம் சரி, எத்தனை வாட்டுக்கு என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள். அந்த ஆண்டு ஏ.எம்.டி. ஆஸ்டினில் இருந்த தன் வளாகத்தை விற்று, அதிலேயே வாடகைக்குக் குடியிருந்தது. 2015இல் அதன் பங்கு விலை இரண்டு டாலருக்குக் கீழே போனது.

2014 அக்டோபரில் லிசா சூ தலைமைக்கு வந்தார். 2017 மார்ச்சில் ஸென் வடிவத்தில் ரைசன் வந்தது. ஒரே துடிப்பில் முந்தைய வடிவத்தைவிட 52 சதவீதம் அதிக வேலை என்று ஏ.எம்.டி. அறிவித்தது. எட்டு கோர், 95 வாட், 499 டாலர். இன்டெலின் எட்டு கோர் சிப்போ 140 வாட், விலை ஆயிரம் டாலருக்கு மேல். தராசின் முள் அன்றே சாய்ந்துவிட்டது.

அந்தச் சமயம் இன்டெல் என்ன செய்துகொண்டிருந்தது? இன்னும் சிறிய டிரான்சிஸ்டர்களுக்கான அதன் பத்து நானோமீட்டர் ஆலைத் தொழில்நுட்பம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 2014இல் தொடங்கிய பதினான்கு நானோமீட்டரிலேயே அதன் மேசைக் கணினிச் சிப்புகள் 2021 வரை வந்தன. ஏ.எம்.டி. 2019இல் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலைக்குப் போய் ஏழு நானோமீட்டரில் இறங்கியது. ஆலை ஏன் இவ்வளவு முக்கியம்? தன் ஏழிலிருந்து ஐந்து நானோமீட்டருக்கு மாறினால், ஒன்று அதே மின்சாரத்தில் 15 சதவீதம் வேகம், அல்லது அதே வேகத்தில் 30 சதவீதம் மின்சார மிச்சம் என்று டி.எஸ்.எம்.சி. சொன்னது. நல்ல ஆலை வைத்திருப்பவருக்கு இரண்டு வழி உண்டு. பழைய ஆலையில் மாட்டிக்கொண்டவருக்கு ஒரே வழி, வோல்டேஜை ஏற்றுவது.

இன்டெல் அந்த வழியில் போனது. புதிய ஆலைக்கு மாறிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. 2022இல் வந்த கோர் ஐ9 13900கே சிப்பின் அடிப்படை அளவு 125 வாட் என்று அட்டவணையில் இருக்கும். முழு மூச்சில் ஓடும்போது 253 வாட்! 2024இல் அந்தத் தலைமுறையையும் அடுத்த தலைமுறையையும் சேர்ந்த சிப்புகள் பல இடங்களில் நிலைகுலைந்து நின்றன. அளவுக்கு மீறி ஏறிய வோல்டேஜைக் காரணமாகச் சொன்ன இன்டெல், உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. கடைசிப் பத்து சதவீத வேகத்துக்கான விலையை இந்த முறை வாடிக்கையாளரும் சேர்ந்து கொடுத்தார்.

ஆப்பிள்? ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று கேட்டு 2005இல் இன்டெலைத் தேடி வந்த அதே ஆப்பிள், அதே கேள்வியைக் கேட்டு 2020இல் இன்டெலை விட்டுப் போனது. அந்த நவம்பரில் தன் சொந்த எம்1 சிப்பை வைத்து மேக்புக் ஏர் விற்றது. ஆர்ம் பரம்பரை, டி.எஸ்.எம்.சி.யின் ஐந்து நானோமீட்டர் ஆலை. அந்த லேப்டாப்புக்குள் ஃபேன் கிடையாது. ஃபேனே இல்லாமல் ஓடி, ஃபேன் இரைச்சலோடு ஓடிய பல லேப்டாப்புகளை அது முந்தியது. உறவு தொடங்கியதும் வாட்டால், முறிந்ததும் வாட்டால்.

இப்போது உங்களில் ஒருவர் எழுந்து கேட்கலாம். ஐயா, இன்று உலகத்திலேயே அதிக மதிப்புள்ள சிப் கம்பெனி என்விடியா. அதன் எச்100 சிப் ஒன்றே 700 வாட் இழுக்கிறதே! எட்டுச் சிப் வைத்த ஒரு பெட்டி பத்து கிலோவாட்டைத் தொடுகிறதே! உங்கள் வாதம் உடைந்துவிட்டதா?

உடையவில்லை. இன்னும் பலமாகிறது. நான் எப்போதும் கேட்பது எத்தனை வாட் என்று மட்டும் அல்லவே, அந்த வாட்டுக்கு எவ்வளவு வேலை என்றுதானே! செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான கணக்குகளைச் சாதாரண ப்ராசஸரில் போட்டால் இதைவிடப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். என்விடியாவின் வெற்றியில் அதன் கூடா என்ற மென்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிப் வாங்குகிறவரின் நிலையைப் பாருங்கள். பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது, மின்சாரம் இல்லை. 2019இல் மூடிய திரீ மைல் தீவு அணு உலையை மீண்டும் திறந்து, அதன் மின்சாரத்தை இருபது ஆண்டுகளுக்கு வாங்க 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் போட்டது. டேட்டா சென்டருக்குக் கிடைப்பது நூறு மெகாவாட் என்றால், அதற்குள் யாருடைய சிப் அதிக வேலை செய்கிறதோ அவருடைய சிப்தான் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும். அமேசான் 2018 முதல் தன் சர்வர்களுக்கு கிராவிட்டான் என்ற சொந்த ஆர்ம் சிப்பையும் வைத்துக்கொண்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். கைப்பேசியில் பேட்டரி வைத்த எல்லையை, டேட்டா சென்டரில் மின்நிலையம் வைக்கிறது.

நண்பர்களே, மூன்று சறுக்கலையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றிலும் முன்னணியில் நிற்க, அல்லது முன்னணியைப் பிடிக்க, வோல்டேஜையும் துடிப்பையும் ஏற்றினார்கள். அது அடுத்த விளம்பரத்துக்கு உதவியது, அடுத்த தலைமுறைக்கு உதவவில்லை. வென்றவர்களோ மின்சாரத்துக்கு ஓர் எல்லை போட்டுக்கொண்டு, அந்த எல்லைக்குள் வடிவத்தை மாற்றி யோசித்தார்கள். ஹைஃபாவுக்கு பேட்டரி எல்லை. கேம்பிரிட்ஜுக்கு பிளாஸ்டிக் உறை எல்லை.

மாணவச் செல்வங்களே, சென்னை ஐ.ஐ.டி.யில் ஷக்தி என்ற பெயரில் ப்ராசஸர்களை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களில் சிலர் நாளை அப்படிப்பட்ட வேலைக்குப் போவீர்கள். முதல் நாளிலேயே உங்கள் வடிவத்துக்கு ஒரு வாட் எல்லை எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடையில் கிகாஹெர்ட்ஸ் எண்ணைக் காட்டினால், அடிப்படை வாட் எவ்வளவு, முழு வேகத்தில் வாட் எவ்வளவு, அந்த வாட்டில் என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள். முதல் எண்ணை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். வாங்குகிறவர் கேட்டால்தான் செய்கிறவர் திருந்துவார். ஐம்பது ஆண்டுச் சிப் வரலாறு சொல்லும் தீர்ப்பு அதுதான்.